கூட்டம் கலைந்த பின் கருயிசாவா

டோக்கியோ மாநகருக்கு வடமேற்கே, நாகானோ மாகாணத்தின் கிழக்கு எல்லையில், அசாமா என்னும் எரிமலையின் அடிவாரத்தே கருயிசாவா என்றொரு மலையூர் உண்டு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்கு நிலையாகக் குடியிருப்போர் 20,000 பேர் அளவினரே. ஆனால் காட்டு மரங்களுக்கிடையே ஒளிந்து நிற்கும் கோடை இல்லங்களோ 15,000-க்கும் மேற்பட்டவை. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அவ்வூரின் தன்மை ஒருவாறு புலப்பட்டுவிடும். ஆகஸ்டு மாதத்தில் தலைநகரம் புழுங்கித் தவிக்கும்போது, இங்கே சராசரி வெப்பம் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. ஆகவே கோடை வந்ததும் செல்வரும் அலுவலரும் பேராசிரியரும் எழுத்தாளரும் குடும்பத்தோடு மலையேறுகின்றனர். செப்டம்பர் பிறந்ததும் இறங்கிவிடுகின்றனர். அக்டோபர் மாதப் பிற்பகுதியில் செந்நிற இலைகளைக் காண மற்றொரு கூட்டம் வந்து போகும். அதற்கும் பிறகு, நவம்பர் முதல் வாரம் கழிந்து கடும்பனி தொடங்கு முன்னர் உள்ள சில வாரங்களில் மலை தனித்திருக்கிறது. அந்தத் தனிமைக் காலத்தில் அங்குச் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

குருமடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் பயின்ற நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக ஜப்பானில் பணியாற்றி வருகிறார். விடுமுறைக்கு வரும்படி அவர் பலமுறை எழுதியும் பங்கு வேலைகளால் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் புறப்பட்டபோது, டோக்கியோவில் சந்தித்த அன்பர்கள் சிலர், "இப்போது கருயிசாவாவிற்கா? கடைகள்கூடப் பாதி அடைத்துக் கிடக்குமே, அங்கே என்ன இருக்கிறது?" என்று வியந்தனர். நண்பர் சிரித்தார். "சாமி, இவர்கள் சொல்வது உண்மைதான். ஒன்றுமில்லாத சமயத்தில்தான் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். நீர் வாரும்" என்றார்.

டோக்கியோவிலிருந்து அதிவேக இரயில் எழுபது நிமிட அளவில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. கடைசிப் பகுதி பெரும்பாலும் சுரங்கமாதலால், மலையேறுகிறோம் என்ற உணர்வே எழுவதில்லை. ஒரு சுரங்கத்திற்குள் சமவெளியின் வெயிலோடு நுழைந்து, மறுமுனையில் மூச்சுக்காற்று புகையாய்த் தெரியும் குளிருக்குள் வெளிப்படுகிறோம். அவ்வளவே. நிலையத்தின் தென்புறத்தில் 1995-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பேரங்காடித் தொகுதி ஒன்று இருக்கிறது. அங்கே மட்டும் இலையுதிர் காலத்திலும் கூட்டத்திற்குக் குறைவில்லை. தள்ளுபடி விலைக்குப் பருவம் ஏது? நாங்கள் அப்பக்கம் திரும்பாமல் வடக்கே நடந்தோம்.

இவ்வூர் உண்டாகிய வரலாறு கேட்கத் தக்கது. எதோ என்று அழைக்கப்பெற்ற பழைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலை வழியே இணைத்த நகசென்டோ என்னும் பெருவழியில் 69 தங்குமிடங்கள் இருந்தன. அவற்றுள் பதினெட்டாவது கருயிசாவா. அடுத்தடுத்து குட்சுகாகே, ஓய்வாகே. பிரபுக்களின் பரிவாரங்களும் வணிகரும் யாத்திரிகரும் உசுயி கணவாயைக் கடந்து களைப்போடு வந்து இம்மூன்று ஊர்களில் இறங்குவர். சத்திரங்கள் செழித்தன. உணவு பரிமாறுவோர் என்ற பெயரால் அங்கே வைக்கப்பட்டிருந்த பெண்கள், வறுமையினால் பெற்றோரே விற்றுவிட்ட ஏழைப் பெண்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1868-இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டபின் பழைய முறைகள் மாறின. 1884-இல் புதிய சாலை வேறு வழியாய்ப் போயிற்று. வழிப்போக்கர் வரவு நின்றதும் சத்திரங்களில் அடுப்பு அணைந்தது.

அந்த நிலையில், 1886-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கிராப்ட் ஷா என்பவர் அங்கு வந்தார். கனடாவில் பிறந்தவர், ஆங்கிலிக்கன் சபையின் குரு, 1873 முதல் ஜப்பானில் ஊழியம் செய்து வந்தவர். டோக்கியோவின் கோடையிலிருந்து தப்ப ஓர் இடம் தேடியவருக்கு, மூடுபனியும் புல்வெளியுமாய்க் கிடந்த இவ்விடம் மிகவும் பிடித்துவிட்டது. 1888-இல் ஒரு பழைய வீட்டை வாங்கித் தம் கோடை இல்லமாக்கிக்கொண்டார். இவ்வூரைக் கூரையில்லாத மருத்துவமனை என்று அவர் போற்றியதாக ஊரார் இன்றும் சொல்லக் கேட்கலாம். அவரைத் தொடர்ந்து மற்ற வேதபோதகர்களும் அயல்நாட்டுத் தூதர்களும் ஆசிரியர்களும் வந்தனர். காய்ச்சலுக்கு அஞ்சிய அமெரிக்க வேதபோதகர் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்ட கதையை அறிந்த நமக்கு இது புதிதாய்த் தோன்றாது.

வந்தவர்களுக்கு ரொட்டி வேண்டியிருந்தது, பழப்பாகு வேண்டியிருந்தது, நாற்காலி, மேசை வேண்டியிருந்தது. பட்டினியின் வாயிலில் நின்ற சத்திரத்தார் இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டனர். செர்ரிப் பூ செதுக்கிய மரச்சாமான்கள் இன்றும் இவ்வூரின் சிறப்புப் பொருள். பழைய கடைத்தெருவில் பழப்பாகு விற்கும் கடைகள் பல. நாங்கள் நடந்த அன்று அவற்றுள் சில மட்டுமே திறந்திருந்தன. ஏனையவற்றின் கதவுகளில், வசந்தத்தில் மீண்டும் சந்திப்போம் என்று கையால் எழுதிய தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. திறந்திருந்த கடையொன்றின் மூதாட்டி, எங்களைக் கண்டதும் தேநீர் கொடுத்து உட்காரவைத்தார். "கோடையில் முகத்தைப் பார்க்க நேரமில்லை, கையைப் பார்த்துத்தான் காசு வாங்குகிறேன். இப்போதுதான் முகம் தெரிகிறது" என்றார். நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

தெருவின் கோடியில், மரங்களுக்கு நடுவே 1895-ஆம் ஆண்டைச் சார்ந்த சிறிய மரக்கோவில் நிற்கிறது. ஷா குருவின் நினைவாலயம் அதுவே. முன்னே அவர் உருவச்சிலை. பின்னே அவர் வாழ்ந்த வீடு. தொலைவில் இல்லாமல் நமது கத்தோலிக்க ஆலயமும் உண்டு. புனித பவுலின் பெயர் தாங்கிய அவ்வாலயம் வார்டு என்னும் ஆங்கிலேயக் குருவின் முயற்சியால் 1935-இல் எழுந்தது. பொஹீமியாவில் பிறந்து ஜப்பானைத் தம் தொழிற்களமாக்கிக்கொண்ட அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வரைந்தார். செங்குத்தான கூரை, உள்ளே நுழைந்தால் சாயம் பூசாத மரத்தூண்கள், குறுக்கும் நெடுக்குமாய்க் கூரையைத் தாங்கும் மரக்கைகள். தச்சனின் மகனுக்குத் தச்சர்கள் எடுத்த வீடு என்றே எனக்குப் பட்டது.

ஞாயிறு திருப்பலியில் நண்பரோடு நானும் கலந்துகொண்டேன். கோடையில் இருக்கை கிடையாமல் வாயிலில் நிற்பார்களாம். அன்று எண்ணிப் பார்த்தேன்; இருபது பேர்கூட இல்லை. முதிய ஜப்பானியர் சிலர், விடுதிகளில் வேலை செய்யும் பிலிப்பீன் நாட்டுப் பெண்கள் சிலர், காய்கறிப் பண்ணைகளில் உழைக்கும் வியட்நாம் இளைஞர் மூவர். ஜப்பானில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பது நாம் அறிந்ததே. ஆனாலும் பாடல் பிசகவில்லை. எண்ணெய் அடுப்பொன்று பீடத்தருகே எரிந்துகொண்டிருந்தது. திருப்பலி முடிந்ததும் யாரும் விரையவில்லை. ஒருவரையொருவர் நலம் விசாரித்து, வியட்நாம் இளைஞரின் கையில் முதியவர் ஒருவர் ஒரு பை நிறைய ஆப்பிள் பழங்களைத் திணித்தார். சனிக்கிழமையெல்லாம் இவ்வூர்க் கோவில்களில் கிறிஸ்தவரல்லாத மணமக்கள் வெள்ளையுடை உடுத்தித் திருமணம் செய்துகொள்ளுவது இப்போது பெருவழக்கமாகிவிட்டது. அதைப் பற்றி என் கருத்து என்னவென்று நண்பர் கேட்டார். மணிச் சத்தத்தை விரும்புகிறவர்கள் ஒருநாள் மணி எதற்கென்றும் கேட்பார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

இனி, இலைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குளிரும் பகற்சுருக்கமும் வந்ததும் மரம் தன் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்துகளைத் தண்டிற்குள் இழுத்துக்கொள்ளுகிறது. பச்சை மறையவே, அதனடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மோமிஜி என்று ஜப்பானியர் கூறும் மேப்பிள் மரத்திலோ சர்க்கரை இலையில் தேங்கிப் புதிய செந்நிறமே பிறக்கிறது. அச்சிவப்பைக் காணத்தான் அக்டோபரில் மோட்டார் வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ளுகின்றன. எல்லோரும் போனபின் முறை வருகிறது கரமாட்சு மரத்திற்கு. ஊசியிலை மரங்களில் ஆண்டுதோறும் இலை உதிர்க்கும் அபூர்வ இனம் இது. மெய்ஜி காலத்தில் அமேமியா கெய்ஜிரோ என்னும் தொழிலதிபர் இங்கே திராட்சைத் தோட்டம் போட முனைந்து தோற்று, பிறகு இம்மரங்களை ஏராளமாக நட்டார் என்பர். தோற்ற தோட்டம் ஊருக்கு ஒரு காட்டைத் தந்தது. நவம்பரில் அதன் மெல்லிய ஊசிகள் பொன்னிறமாகி, சிறு காற்று வீசினாலும் ஓசையின்றிப் பொழிகின்றன. தொப்பியில், தோளில், குடிக்கும் தேநீரில்கூட விழுகின்றன. நண்பரின் கறுப்பு மேலங்கி அரை மணியில் பொன்வேலை செய்த பூசையுடையாக மாறியிருந்தது.

வழியில் ஷிராயிதோ நீர்வீழ்ச்சியையும் கண்டோம். உயரம் 3 மீட்டரே. அகலமோ 70 மீட்டர். ஆறொன்று மேலிருந்து விழுவதன்று. பாறைச் சுவரின் நடுவிலிருந்தே நூல் நூலாய் நீர் கசிந்து இறங்குகிறது. அசாமா மலையில் பெய்த மழை மண்ணுக்குள் ஆறு ஆண்டுகள் பயணம் செய்து இங்கே வெளிவருகிறதாம்.

அழகைப் பார்த்து மயங்கிய கண்ணோடு மலையின் வடபுறம் சென்றால் மனம் வேறாகிவிடும். அசாமா 2,568 மீட்டர் உயரமுள்ள, இன்றும் அடங்காத எரிமலை. 1783-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது வெடித்தபோது பாறையும் மண்ணும் பெருவெள்ளமாய்ப் பாய்ந்து, வடக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கன்பாரா என்னும் ஊரை மூடிவிட்டது. ஊரார் 570 பேர். அவர்களுள் 477 பேர் மடிந்தனர். மேட்டின்மேல் இருந்த கன்னோன் தேவியின் கோவிலுக்குப் படியேறி ஓடியவர்களும் அன்று வெளியூர் சென்றிருந்தவர்களுமாக 93 பேர் மட்டும் எஞ்சினர். ஐம்பது படிகளுள் இன்று தரைக்கு மேல் தெரிபவை 15. மற்றவை மண்ணுக்கடியில் உள்ளன.

நண்பர் தம் சிறிய காரில் என்னை அங்கே அழைத்துச் சென்றார். அறுவடை முடிந்த முட்டைக்கோசு வயல்களைக் கடந்து போனோம். கூரை வேய்ந்த சிறு கோவில். முன்னே சிவப்புச் சாயம் பூசிய குட்டிப் பாலம். அதன் கீழே குழி. 1979-இல் அவ்விடத்தைத் தோண்டியபோது, புதைந்த படிகளின் அடிப்பகுதியில் இரண்டு பெண்களின் எலும்புகள் கிடைத்தன. இளையவள் மூத்தவளை முதுகில் சுமந்தபடியே இருவரும் மாண்டிருக்கின்றனர். தாயும் மகளுமோ, மாமியாரும் மருமகளுமோ, அறிந்தார் இல்லை. இளையவள் மட்டும் ஓடியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். சுமையை இறக்கவில்லை. நான் அந்தப் பாலத்தின்மேல் நின்று வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதனினும் பெரிதாய்த் தோன்றுகிறது. எஞ்சிய 93 பேருள் முழுக் குடும்பம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மனைவியை இழந்த கணவன், கணவனை இழந்த மனைவி, பெற்றோரற்ற பிள்ளை, பிள்ளையற்ற பெற்றோர். அண்டை ஊர்களின் செல்வந்தர் மூவர் அவர்களுக்குக் குடிசை போட்டு உணவளித்தனர். அக்காலத்து ஜப்பானிய நாட்டுப்புறத்தில் குலப்பெருமையும் வீட்டுத் தகுதியும் மிகக் கடுமையாய்ப் பார்க்கப்பட்டவை. ஒரே ஊரிலேயே ஒருவர் வீட்டில் ஒருவர் சமமாய் உட்காரமாட்டார். இந்த மூவரும் பிழைத்தவர்களைக் கூட்டி, "இந்தப் பேரிடரில் பிழைத்த நீங்கள் அனைவரும் இனி ஒரே இரத்த உறவினர், மேலோர் கீழோர் என்ற பேச்சு வேண்டாம்" என்ற கருத்துப்படச் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்தனர். மனைவி இழந்தவருக்குக் கணவனிழந்தவரை மணமுடித்தனர். பிள்ளை இழந்தவரிடம் அநாதைகளை ஒப்படைத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே முதல் திருமணங்கள் நடந்தேறின. மண்ணை அகற்றாமல் அதன்மேலேயே நிலத்தைச் சமமாய்ப் பங்கிட்டு ஊரை மீண்டும் எடுத்தனர். இன்று அவ்வூரில் வாழ்வோர் பலர் அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள்.

இப்படிச் சேர்த்துவைத்தது சரியா, துயரம் ஆறுமுன்னரே மணமா என்று கேட்கலாம். நண்பரிடம் நானும் கேட்டேன். "குளிர்காலம் வந்துகொண்டிருந்தது, சாமி. தனித்தனியே இருந்தால் ஒருவரும் வசந்தத்தைக் கண்டிருக்கமாட்டார்கள்" என்றார் அவர். அந்த மண்ணில் நவம்பர்க் காற்று எலும்பைத் துளைத்தபோது அவருடைய விடையின் பொருள் எனக்கு விளங்கிற்று.

கருயிசாவாவின் குளிர்காலம் பற்றி மற்றொரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில், ஜப்பானில் இருந்த அயல்நாட்டார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே கொண்டுவந்து தங்கவைக்கப்பட்டனர். கோடைக்கென்று மெல்லிய பலகையால் கட்டிய வீடுகள், பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து பாகை குளிர், விறகில்லை, உணவில்லை. அவர்களுள் ஒருவர் லியோ சிரோட்டா என்னும் புகழ்பெற்ற பியானோ கலைஞர். உக்ரேனில் பிறந்த யூதர். அவருடைய மகள் பெயாத்தே, போருக்கு முன்னே படிப்பிற்காக அமெரிக்கா சென்றவர், பெற்றோரின் செய்தி அறியாமல் ஆண்டுகள் தவித்து, 1945 டிசம்பர் 24-ஆம் நாள் ஜப்பானில் வந்திறங்கினார். பெற்றோர் கருயிசாவாவில் மெலிந்து தளர்ந்து உயிரோடிருக்கக் கண்டார். அடுத்த பிப்ரவரியில், 22 வயதே நிரம்பிய அப்பெண், ஜப்பானின் புதிய அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவில் அமர்ந்து, பெண்களின் உரிமை பற்றிய பகுதியை எழுதினார். திருமணம் இருவரின் மனமொப்பிய சம்மதத்தால் மட்டுமே நிகழவேண்டும், கணவனுக்கும் மனைவிக்கும் உரிமை சமம் என்று கூறும் 24-ஆம் பிரிவு அங்கிருந்து பிறந்ததே. சத்திரத்துக்கு விற்கப்பட்ட ஓய்வாகேப் பெண்களை நினைத்துப் பார்த்தால், ஒரு மலையூரின் வரலாறு எங்கிருந்து எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது! 1957 ஆகஸ்டில் இவ்வூர்ப் பந்தாட்டக் களத்தில் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ, திருஇருதயக் கன்னியரின் கல்லூரியில் பயின்ற மிச்சிகோ என்னும் அரச குலம் சாராத பெண்ணைச் சந்தித்து, 1959-இல் மணந்ததையும் ஊரார் பெருமையோடு சொல்லுகின்றனர்.

தனிமை என்றாலே அமைதி என்று கொள்வதற்கில்லை. 1972 பிப்ரவரியில், ஆள் நடமாட்டமற்ற பனிக்காலத்தில், செம்படை என்று தம்மை அழைத்துக்கொண்ட தீவிரவாத இளைஞர் ஐவர் இங்கே ஓர் ஓய்வு இல்லத்தில் புகுந்து, அதன் காவலாளியின் மனைவியைப் பிணையாகப் பிடித்துவைத்தனர். பத்தாம் நாள் அப்பெண் மீட்கப்பட்டார். காவலர் இருவரும் பொதுமகன் ஒருவரும் உயிரிழந்தனர். உலகைத் திருத்தப் புறப்பட்ட அவ்வியக்கத்தார் அதற்கு முந்திய வாரங்களில் மலைக்குள் தம் தோழர்கள் பன்னிருவரையே வதைத்துக் கொன்றிருந்தனர் என்பது பின்னர்த் தெரியவந்தது. அந்த இல்லத்தின் பக்கம் போகலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

உசுயி கணவாய்க்கு நடந்தே ஏறினோம். உச்சியில் உள்ள ஷிந்தோ கோவிலின் நடுவே இரு மாகாணங்களின் எல்லைக்கோடு செல்லுகிறது. ஆகையால் காணிக்கைப் பெட்டியும் இரண்டு. பங்குக் கணக்குப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. சற்று அப்பால், மலைகள் அடுக்கடுக்காய்த் தெரியும் மேடையருகே, எதிர்பாராத ஒருவர் நின்றார். நம் இரவீந்திரநாத் தாகூர்! 1916-இல் ஜப்பானுக்கு வந்த அவர், கருயிசாவாவில் கோடைப் பயிற்சியில் இருந்த பெண்கள் பல்கலைக்கழக மாணவியரிடையே உரையாற்றினார். நாட்டு வெறி பற்றி அவர் அவ்வாண்டு கொடுத்த எச்சரிக்கையை அன்றைய ஜப்பான் விரும்பிக் கேட்கவில்லை. அவர் பிறந்து 120 ஆண்டு நிறைந்ததை நினைந்து இச்சிலை நாட்டப்பட்டது. மனிதகுலம் போர் செய்யாதிருக்க என்ற கருத்தில் நான்கு எழுத்துகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அவருடைய தாடியிலும் கரமாட்சு ஊசிகள் ஒட்டியிருந்தன.

கணவாயின் மறுபுறம் பழைய இரயில் பாதை. 1893-இல் திறக்கப்பெற்ற அப்பாதை 11 கிலோமீட்டரில் 550 மீட்டர் உயரம் ஏறிற்று. செங்குத்தான இடங்களில் பதினைந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். தண்டவாளங்களின் நடுவே பற்கள் அமைத்துச் சக்கரத்தை அதில் கோத்து ஏற்றினார்கள். 26 சுரங்கங்கள், 18 பாலங்கள். கட்டுமானத்தில் ஐந்நூறு பேர்வரை உயிரிழந்தனர் என்பர். 1963-இல் பற்சக்கர முறை கைவிடப்பட்டது. 1997-இல் அதிவேக இரயில் வந்தபோது கணவாய்ப் பாதையே மூடப்பட்டது. இப்போது ஒரு பகுதி நடைபாதையாக உள்ளது. இருபது இலட்சம் செங்கற்களால் ஆன மூன்றாம் பாலம், 31 மீட்டர் உயரத்தில், நான்கு வளைவுகளோடு செவ்விலைகளுக்கு நடுவே நிற்பது கண்கொள்ளாக் காட்சி. பாதை முடியுமிடத்தில் குமனோதைரா என்னும் பழைய நிலையம். 1950 ஜூன் மாதம் மலைச்சரிவால் இரயில் தொழிலாளரும் குடும்பத்தாருமாக 50 பேர் அங்கே மாண்டனர். குழந்தையை அணைத்த தாயின் சிலை ஒன்று அவ்விடத்தில் உள்ளது. நாங்கள் சென்றபோது யாரோ அதன் காலடியில் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருந்தனர். எழுபது நிமிடத்தில் வந்துவிட்டோம் என்று பெருமையாய்ச் சொல்லிக்கொண்ட எனக்குப் பேச்சு எழவில்லை.

இவ்வூரார் தங்கள் அமைதியைத் தாமாக வரும் பொருளாய்க் கருதவில்லை. வீட்டுமனை 1,000 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, மரங்களை மறைத்து மாடி எழுப்பக்கூடாது என்பன போன்ற விதிகளை 1970-களிலிருந்தே வைத்திருக்கின்றனர். மற்ற ஊர்களில் இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகள் இங்கே 11 மணிக்கு அடைத்துவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் காட்டுப் பழங்கள் குறைந்தால் கரடிகள் குப்பைத் தொட்டியைத் தேடி வரும். அவற்றைக் கொல்லாமல், குரைத்து விரட்டப் பழக்கிய நாய்களை 2004 முதல் வைத்திருக்கிறார்கள். நடைப்பயணம் போகிறவர்கள் இடுப்பில் சிறு மணி கட்டிக்கொள்ளுகின்றனர். எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். திருப்பலி மணியை வாழ்நாளெல்லாம் பிறருக்காக அடித்தவர்கள், கரடிக்காக மணியடித்துக்கொண்டு நடந்தோம்.

புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை, பூட்டிய வீடுகள் வரிசையாய் நிற்கும் ஒரு காட்டுப் பாதையில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வீடொன்றின் பக்கவாட்டில் மண்டியிட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். கோடை இல்லங்களின் பராமரிப்பாளர். குளிர் முற்றுமுன் ஒவ்வொரு வீட்டின் நீர்க்குழாய்களையும் அவர் காலிசெய்ய வேண்டும். ஒரு துளி தங்கினாலும் உறைந்து விரிந்து குழாயை வெடிக்கச் செய்துவிடும். நிலத்தடியில் உள்ள அடைப்பைத் திருகி, வீட்டுக்குள் போய் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, வெந்நீர்க் கலத்தையும் கழிவறைத் தொட்டியையும் வடிக்கவேண்டும். முப்பது வீடுகளுக்கு மேல் அவர் பொறுப்பில்.

இந்த வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று நண்பர் கேட்டார். நான்கு ஆண்டாக வரவில்லை, வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கும் நேரமில்லை என்றார் அவர். பின் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் நீரைத் திறந்து இலையுதிர் காலத்தில் வடிக்கிறீர்கள் என்று நான் கேட்கச் சொன்னேன். அவருக்கு என் கேள்வி விளங்காததுபோல் இருந்தது. "வந்தால் தண்ணீர் வரவேண்டுமே" என்றார்.

உள்ளே திறந்துவிட்ட குழாயில் கடைசி நீர் காற்றோடு கலந்து இருமுவதுபோல் ஓசை கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்து, கதவைப் பூட்டி, ஒரு கையேட்டில் குறித்துக்கொண்டு, எங்களுக்குத் தலைவணங்கிவிட்டு அவர் அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்.